பயிருக்குக் காப்பு உண்டு; பயிரிடுபவருக்கு?

மழை பொய்த்தால் என்ன செய்வது, புகையான் தாக்கினால் என்ன மருந்து அடிப்பது என்று முன்கூட்டியே யோசிப்பவர் விவசாயி. ஆனால் தாம் திடீரென்று மறைந்தால் குடும்பம் என்ன ஆகும் என்பதை அவர் யோசிப்பதில்லை. அதைப் பேசுவதே அபசகுனம் என்று விட்டுவிடுகிறார். இரவில் மோட்டார் போடப் போகும் வழியில் பாம்பு கடிக்கலாம், மின்சாரம் தாக்கலாம். வாங்கிய கடன் அவரோடு போய்விடுவதில்லை. முதலில் கறவை மாடு விலை போகும். பிறகு நிலம் போகும். பயிர்க் காப்பீடு விளைச்சல் நஷ்டத்துக்குத்தான், இதற்கு உதவாது.

பெரிய பாலிசி எடுக்க வசதியில்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2015-ல் தொடங்கிய ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் வங்கி அல்லது தபால் ஆபீஸ் கணக்கு மூலம் சேரலாம். ஆண்டுக்கு ரூ.436 பிரீமியம், இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். விபத்துக்கான சுரக்ஷா பீமாவுக்கு ஆண்டுக்கு ரூ.20 போதும், 70 வயது வரை சேரலாம். இரண்டும் சேர்ந்து ஒரு மூட்டை டி.ஏ.பி. விலையில் பாதிகூட ஆகாது.

"உயிரோடு இருந்தால் கட்டிய பணம் திரும்பாதே" என்பார்கள். உண்மைதான். வேலியும்தான் நெல் விளைவிப்பதில்லை. அதற்காக வேலி போடாமல் இருக்கிறோமா? சேமிப்பு வேறு, காப்பு வேறு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிரீமியம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து பிடிக்கப்படுகிறது. குறுவைச் செலவுக்காகக் கணக்கைத் துடைத்து எடுக்கும் சமயமும் அதுவே. பணம் இல்லாவிட்டால் பாலிசி நின்றுவிடும். மறுபடி சேர்ந்தாலும், விபத்து தவிர மற்ற மரணங்களுக்கு முதல் 30 நாள் பாதுகாப்பு கிடையாது. ஆகவே மே மாதத்தில் ரூ.500-ஐக் கணக்கிலேயே விட்டுவைப்பது நல்லது.

வாரிசுதாரர் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உயிர் பிழைக்க அதுவே வழி. விபத்துத் தொகை கேட்கவும் ஆஸ்பத்திரிப் பதிவு அவசியம். சமமாக உழைக்கும் மனைவியும் தம் கணக்கின் மூலம் சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வங்கி, எந்தக் கணக்கு, பாஸ்புக் எங்கே என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டாருக்குத் தெரியாத காப்பீடு இருந்தும் இல்லாததுதான்.