எல்லாம் என் கையில்தான் இருக்கணுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது அதிரசம், முறுக்கு செய்து விற்கிறான். வெளியூர்க் கடைகளிலிருந்தும் ஆர்டர் வருகிறதாம். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஆர்டர் இருக்கு சார், செய்ய முடியல. மாவு இடிக்கிறது, பாகு காய்ச்சுறது, பொட்டலம் போடுறது, கடையில பணம் வாங்குறது எல்லாம் நானேதான். ஆள் போட்டா பக்குவம் கெட்டுடுமோன்னு பயமா இருக்கு" என்றான்.

அவனுக்கு ஒரு மதுரைக் கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணியவர். நம்மைப் போல ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கண்புரையால் பார்வை இழந்தவர்களோ லட்சக்கணக்கில். கண் மருத்துவர்கள் கொஞ்சம் பேர். டாக்டரை இன்னும் வேகமாக ஓடச் சொன்னால் தீருமா? அவர் வேலையைப் பிரித்துப் பார்த்தார். அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் கடைகள் எங்கு போனாலும் ஒரே முறையில், ஒரே தரத்தில் நடப்பது அவரை யோசிக்க வைத்திருந்தது.

புரையை எடுக்க டாக்டர்தான் வேண்டும். பார்வை அளக்க, கண் அழுத்தம் பார்க்க, சொட்டு மருந்து விட, நோயாளியைத் தயார் செய்ய டாக்டர் எதற்கு? பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து அந்த வேலைகளை ஒப்படைத்தார்கள். அறுவை அரங்கில் டாக்டருக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவர் மற்றதில் தயாராக இருப்பார். முடிந்ததும் டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினால் போதும். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுவதில், முடியாதவர்களுக்கும் சிகிச்சை. கண்ணில் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே குறைந்த விலையில் செய்தார்கள்.

இன்று தொழிலைப் பெரிதாக்குவது பற்றிப் பேசுகிறவர்களில் பலர், ஆளைக் குறைத்து இருப்பவர்களிடம் இரண்டு மடங்கு வேலை வாங்குவதையே திறமை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரால் மட்டும் எது முடியுமோ, அதற்கு அவரை விட்டுவிட வேண்டும். மற்றதை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்க வேண்டும். கற்றுக்கொடுக்காமல் கொடுத்தால் அது தலையில் கட்டுவது. கற்றவருக்கு அதற்கேற்ற கூலியும் மரியாதையும் கொடுக்காவிட்டால் அது சுரண்டல்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி இல்லை, அனுபவம்தான் இருக்கிறது. தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தபோது பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கும். சத்துணவுக் கணக்கு, பதிவேடு, மேலிடத்துக்கு அனுப்பும் புள்ளிவிவரம் எல்லாம் நானே. பொறுப்பானவன் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அந்த நேரத்தில் வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். உடன் வேலை பார்த்த டீச்சருக்கு நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் என் தவறு புரிந்தது.

மாணவனிடம் சொன்னேன்: "மாவு, வெல்லம் அளவை நோட்டுல எழுதி வைடா. பொட்டலம், கணக்கை இன்னிக்கே வேற ஆள்கிட்ட கொடு. பாகுப் பதம் மட்டும் இப்போதைக்கு உன்கிட்ட இருக்கட்டும். அதையும் ஒருத்தருக்குப் பக்கத்துல நிக்க வச்சுக் கத்துக்கொடு."

நேற்று போன் செய்தான். பக்கத்து வீட்டு அக்காவைப் பாகு காய்ச்ச விட்டானாம். முதல் ஈடு எண்ணெயில் போட்டதுமே பிரிந்துபோய்விட்டதாம்.

"சரி, அந்த அக்காவையே இன்னொரு தடவை காய்ச்சச் சொல்லு" என்றேன்.