செழிப்பு யார் கொடுத்தது?

ஆற்றங்கரைக் கிராமம் என்றவுடன் நம் வாசக மனம் காவிரிக்கே செல்கிறது. தி. ஜானகிராமன் முதலானோர் எழுதிப் பழக்கிய பாதை அது. வைகையைப் பற்றிய பேச்சோ பெரும்பாலும் வறண்ட மணலைக் கண்டு இரங்குவதோடு நின்றுவிடுகிறது. ஆனால் மதுரைக்கு வடமேற்கே, வடகரையில் சோழவந்தானும் எதிரே தென்கரையும் நெல்வயலும் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலுமாக வளத்துடன் வாழ்ந்த ஊர்கள். இவ்வளத்தை ‘ஆறு கொடுத்தது’ என்று சொல்லி முடித்துக்கொள்வதில் நமக்கு உடன்பாடில்லை.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். சோழன் வந்து கண்டு உவந்ததால் சோழவந்தான் என்பது வழக்கிலுள்ள கதை. கல்வெட்டுகளிலோ இவ்வூர் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன். 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வீரபாண்டியனின் பட்டமாக ஆய்வாளர் இதைக் கொள்வர். எமன், காலப்போக்கில் விருந்தாளியாகிவிட்டான். ஊர் நினைவு கசப்பானதை இப்படித்தான் இனிப்பாக்கிக்கொள்கிறது.

செழிப்பு பற்றிய நினைவும் அவ்வாறே. வைகை இயல்பில் மழையை நம்பிய ஆறு. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து 1895இல் நீரை இப்பக்கம் திருப்பிய பின்னரே இப்பகுதியில் இருபோகம் உறுதிப்பட்டது. 1959இல் வைகை அணையும் சேர்ந்தது. ஆகவே இவ்வூர்ப் பசுமையில் ஒரு பங்கு மலைக்கு அப்பாலிருந்து வந்தது.

மற்றொரு பங்கு மனிதக் கைகளுடையது. கொடிக்கால் தானாக விளைவதில்லை. முதலில் அகத்தியை வளர்க்க வேண்டும். அது நிழல் தந்த பிறகே வெற்றிலைக்கொடி. கொடி ஏற ஏறக் கோரையால் கட்டவேண்டும். உயர்ந்துவிட்டால் இறக்கிப் பதிக்கவேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும், காய்ந்தால் இலை கெடும். இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளி, கவுளியாக அடுக்கிச் சந்தைக்கு அனுப்பவேண்டும். ஆண்டு முழுவதும் ஓய்வில்லாத வேலை இது. கோயில் விழாவிலும் திருமணத் தாம்பாளத்திலும் வெற்றிலை முதலில் நிற்கிறது; கிள்ளிய விரல்கள் எவர் நினைவிலும் இல்லை.

இந்த உழைப்பு ஈட்டிய மிச்சத்தில்தான் கல்விக்கும் கலைக்கும் இடம் பிறந்தது. தொல்காப்பியப் பாயிர விருத்தி எழுதிய அரசஞ்சண்முகனார் சோழவந்தான்காரர். டி. ஆர். மகாலிங்கம் தென்கரையில் பிறந்தவர். இவர்களை ஊர் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறது, அது நியாயமே. அப்பெருமைக்கு வாய்க்கால் வெட்டியவரும் கொடி கட்டியவரும் பங்காளிகள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழு நியாயம்.

2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிக்குரியது. ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், கொடியைக் காக்காது. வெற்றிலை போடும் பழக்கம் குறைந்துவரும் காலத்தில், கொடிக்கால் வேலைக்கு அடுத்த தலைமுறை ஏன் வரவேண்டும் என்பதற்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். ‘அந்தக் காலத்துக் கிராமம்’ என்று ஏங்கும் எழுத்து அக்கேள்வியைத் தொடுவதே இல்லை. வளத்தை ஆற்றின் கொடை என்று எண்ணுகிறவர்கள், அது போகும்போதும் ஆற்றையே பழிப்பார்கள். மனிதர் ஆக்கியது என்று அறிந்தவர்களே, அதைக் காக்கவும் முன்வருவார்கள். வைகைக்கரையை இனி எழுத வருபவர்கள் படித்துறையிலிருந்து சற்று இறங்கி, கொடிக்காலுக்குள்ளும் குனிந்து நுழையவேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.