பதிலி ஆசிரியன்



நம்மிற் பலர் மாலை வேளைகளில் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துக் கைச்செலவுக்குத் தேடிக்கொள்வது புதிதன்று. நான் ஒரு படி துணிந்து, சால்ட் லேக்கில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பத்து வாரம் பதிலி ஆசிரியனாக இருந்தேன். விஞ்ஞான ஆசிரியை பேறுகால விடுப்பில் சென்றிருந்தார். 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் இவ்விடுப்பு 26 வாரமாயிற்று. வேண்டிய விடுப்புத்தான், அதைக் குறை கூறுவோர் தாய் வயிற்றில் பிறவாதவராயிருக்க வேண்டும். ஆனால் 26 வாரம் என்பது குழந்தைகளுக்குப் பாதிப் பள்ளியாண்டன்றோ? எனக்கு முன்னே வந்த பதிலி ஒருவர் இடையிலேயே விட்டுப் போய்விட்டார். அந்தப் பாதியாண்டை யாரிடம், எவ்வாறு ஒப்படைக்கிறோம் என்று எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

முதல் நாள் வருகைப் பதிவேட்டை எடுத்தேன். வங்காளிக் குழந்தைகளுக்குப் பெயர் இரண்டு. ஏட்டில் எழுதுவது 'பாலோ நாம்'. வீட்டில் அழைப்பது 'டாக் நாம்'. இவ்வூர் வழக்கமறியாத மதராசி ஒருவன் வந்திருக்கிறான் என்று கண்டதும், ஆளுக்கொரு செல்லப் பெயரைச் சொல்லி என்னைத் திணற அடித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, நாம் 'ஹெச்' என்று சொல்லும் ஆங்கில எழுத்தை அவர்கள் 'எய்ச்' என்பார்கள். நீரின் வாய்பாட்டைப் பலகையில் எழுதி 'ஹெச் டூ ஓ' என்றேனோ இல்லையோ, வகுப்பு கொல்லென்று சிரித்தது. கடைசி வரிசைப் பையன் ஒருவன், நான் எத்தனை 'ஹெச்' சொல்கிறேன் என்று நோட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினான். ஒரு பாடவேளையில் 14. அவ்வளவு ஒழுங்கான சோதனைக் குறிப்பை எங்கள் முதுகலை வகுப்பில்கூட நான் கண்டதில்லை!

பதிலியை எல்லோரும் காவற்காரனாகவே கருதுகிறார்கள். "சத்தம் வராமல் பார்த்துக் கொண்டால் போதும்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். பாடம் எங்கே நின்றது, எந்தக் குழந்தைக்கு எது விளங்கவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடைக்கவில்லை. கூலி பாடவேளைக் கணக்கில். பூஜை விடுமுறைக்குக் கிடையாது. விடைத்தாள் திருத்தியதற்கும் கிடையாது. பணம் கிடக்கட்டும். காவல் காக்க வந்தவனிடம் குழந்தைகள் எதைக் கேட்பார்கள்?

ஆயினும் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

சால்ட் லேக் ஒரு காலத்தில் உவர்நீர்ச் சதுப்பு. பிதான் சந்திர ராய் முதலமைச்சராயிருந்தபோது, 1962-இல், ஹூக்ளி ஆற்று வண்டலை நீரோடு கலந்து குழாய் வழியே கொண்டுவந்து கொட்டித் தூர்க்கத் தொடங்கினார்கள். நீர் வடிந்தது, வண்டல் தங்கிற்று, யூகோஸ்லாவியரான தோஷ்கோவிச் வரைந்த திட்டப்படி அதன்மேல் நகரம் எழுந்தது. "நீங்கள் உட்கார்ந்திருப்பதே ஒரு பெரிய வண்டல் சோதனையின் மேல்தான்" என்று சொல்லி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சேற்று நீரை நிரப்பி அலமாரி மேல் வைத்தேன். மறுநாள் நீர் தெளிந்திருந்தது. எல்லோரும் பாட்டிலைப் பார்த்துக் கொண்டிருக்க, ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "அப்படியானால் இங்கிருந்த மீன்கள் எங்கே போயின, ஸார்?" என்றாள்.

எனக்குத் தெரியாது. "தெரியாது, நாளை சொல்கிறேன்" என்றேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்; ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்றிரவு படித்தேன். கிழக்கே எஞ்சியுள்ள சதுப்பு 12,500 ஹெக்டேர். 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. மாநகரின் கழிவுநீர் அங்கே ஆழமற்ற குட்டைகளில் தேங்கி, வெயிலாலும் பாசியாலும் தூய்மையடைந்து, மீனுக்கு உணவாகிறது. தூர்த்த இடத்து மீன்கள் பிழைக்கவில்லை. பக்கத்துக் குட்டை மீன்களே நகரத்துக் குழம்புக்கு வருகின்றன. மறுநாள் பாதிப் பாடவேளை இதிலே கழிந்தது. அதன் பிறகு டாக் நாம் விளையாட்டு நின்றுவிட்டது. கேள்விகள் வரத் தொடங்கின.

தோழர்களே! விடுப்பில் சென்றவர் திரும்பும் வரை இடத்தைக் காப்பது ஒன்று; ஆசிரியரையே நிரந்தரப் பதிலிகளாக்குவது வேறொன்று. சால்ட் லேக்கில்தான் கல்வித் துறையின் பிகாஷ் பவன் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் தேர்வில் நடந்த முறைகேட்டின் பொருட்டு, 25,753 ஆசிரியர், அலுவலர்களின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3 அன்று உறுதி செய்தது. மே மாதத்தில் வேலையிழந்தோர் அந்தப் பவனின் முன்னே திரண்டு நின்றார்கள். முறைகேட்டில் சிக்காத ஆசிரியர்கள் மட்டும் ஆண்டு இறுதி வரை கற்பிக்கலாம் என்று இடையில் ஒரு தவணை கிடைத்தது. பின்னர் அதுவும் நீட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கற்பித்தவர்கள் செப்டம்பரில் மீண்டும் தேர்வு எழுதினார்கள். அதாவது, தம் நாற்காலிக்குத் தாமே பதிலிகளானார்கள். லஞ்சத்தைக் களைய வேண்டியதுதான். ஆனால் களை பறித்த கையில் பயிரும் வந்தால் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

நம் தமிழகத்தைப் பற்றிப் பெருமை பேசும் முன் இதையும் நினைவிற் கொள்ளுங்கள். 2022-இல் அங்கே 13,331 காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிக ஆசிரியரை அமர்த்த முற்பட்டார்கள். அறிவித்த மாத ஊதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். காலியிடம் பத்து விழுக்காட்டை மிஞ்சக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் ஏட்டிலிருக்கும் பாலோ நாம் போலும்!

இத்தனைக்கும் பிறகு, நம் சங்கத்து நண்பர்கள் இப்பணிக்குப் போகலாமா என்றால், போங்கள் என்பேன். முன்னவர் விட்ட இடத்தைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். திருத்தும் தாளுக்குக் கூலி கேளுங்கள். எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். நான் கேட்கவில்லை. ஆசிரியை திங்களன்று வருகிறார் என்பதை வாயிற்காவலர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிரவு நான்கு பக்கம் எழுதினேன்: பாடம் நின்ற இடம், யாருக்குப் பின்னம் வராது, மீனைப் பற்றிக் கேட்டவள் யார் என்றெல்லாம். அது ஆசிரியை கையில் சேர்ந்ததா, அலுவலக மேசையிலே கிடக்கிறதா, அறியேன்.

சென்ற வாரம் கருணாமயி மெட்ரோ நிலையப் படியில் இறங்கிக் கொண்டிருந்தேன். எதிரே ஏறிவந்த சீருடைக் கூட்டத்திலிருந்து "ஹெச் ஸார்!" என்று ஒரு குரல் வந்தது. கோடு போட்டு எண்ணிய பையன்தான். திரும்பிக் கூப்பிட வாயெடுத்தேன். அவனுடைய டாக் நாம் மட்டுமே நாவில் வந்தது. அதைச் சொல்லியே கூப்பிட்டேன். உடன் வந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.