டொலர் வரட்டும், கணக்கும் வெளியே வரட்டும்

வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இந்த நாடு இல்லை. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று உலகத்துக்கே கையை விரித்தோம். எரிவாயுச் சிலிண்டருக்காக விடியப்புறம் வரிசையில் நின்றதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எவரும் மறந்துவிடவில்லை. அன்றிலிருந்து, டொலர் கொண்டுவருபவரிடம் கேள்வி கேட்பதே நாட்டுக்குச் செய்யும் கெடுதல் என்பது போன்ற ஒரு பேச்சு அதிகாரிகளிடத்திலும் அரசியல்வாதிகளிடத்திலும் ஊறிப்போயிருக்கிறது. இதை நாம் ஏற்கவில்லை. கொழும்பின் கரையோரத்தில் கேள்வி கேட்கப்படாமல் இறங்கிய காசின் சுமையை, அந்தக் காசில் ஒரு சதமும் காணாதவர்களே இன்றுவரை சுமக்கிறார்கள்.

துறைமுக நகரையே எடுத்துக்கொள்வோம். 2014 செப்டெம்பர் 17 அன்று சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவும் தொடக்கி வைத்த திட்டம் அது. 140 கோடி டொலர் முதலீடு, கடலை நிரப்பி எடுத்த நிலம் 269 ஹெக்டேயர். 2015 மார்ச்சில் புதிய அரசாங்கம் வேலையை நிறுத்தியது. நிறுத்தியவர்களே அடுத்த ஆண்டு மீண்டும் தொடக்கினார்கள். ஆனால் இடையில் ஒன்று நடந்தது. சீனக் கம்பனிக்கு அறுதியாகவே கொடுப்பதாக இருந்த 20 ஹெக்டேயர் 99 வருடக் குத்தகைக்கு மாறியது. வலுவாகக் கேட்டால் நிபந்தனை மாறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அதே நேரம், நிரப்பிய மணல் நீர்கொழும்புக்கு அப்பால் கடலடியில் தோண்டப்பட்டபோது, மீன்பிடி போகிறதே என்று 2016 இல் மீனவர்களும் கத்தோலிக்கக் குருமாரும் வீதிக்கு இறங்கினார்கள், உண்ணாவிரதமும் இருந்தார்கள். அவர்களுடைய கேள்விக்கு அந்த அளவு மதிப்புக் கிடைக்கவில்லை. நிலம் கொழும்புக்கு வந்தது, குழி நீர்கொழும்பில் நின்றுவிட்டது.

2021 மே 20 அன்று துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டமூலம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. உயர் நீதிமன்றம் பல பிரிவுகளைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்ன பிறகுதான் அது அந்த வடிவத்துக்கே வந்தது. அங்கே முதலிடுவோருக்கு 40 வருடம் வரை வரிச்சலுகை கொடுக்க அந்தச் சட்டம் இடமளித்தது. இங்கே சவர்க்காரம் வாங்குபவர் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரி கட்டுகிறார். அந்த 2021 இலேயே துறைமுக நகரில் சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றும் இருந்த பெயர்ப்பலகை ஒன்றில் தமிழைக் காணோம் என்று ஒரு சர்ச்சை எழுந்து அடங்கியது. பலகையைத் திருத்துவது சின்ன வேலை. அந்த நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் நகரவாசிக்கு ஒரு கதிரை வாங்கிக் கொடுப்பதுதான் பெரிய வேலை.

காலிமுகத்திடலுக்கு எதிரே இராணுவத் தலைமையகம் இருந்த காணியில் ஷங்ரி-லா 2017 இல் திறந்தது. பக்கத்தில் இந்திய ஐ.ரி.சி. குழுமத்தின் ஹோட்டல் 2024 இல் வந்தது. பேரை வாவிக்கரையில் கசினோவுடன் கூடிய சிட்டி ஒஃப் டிரீம்ஸ் 2025 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நகரம் இப்படி மாற இடம்விட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டுமானால் கொம்பனித்தெருவுக்குப் போக வேண்டும். 2010 மே மாதம் மியூஸ் வீதியில் ஏறத்தாழ 20 குடும்பங்களின் வீடுகள் பாதுகாப்புப் படையினரின் காவலோடு இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபை அந்தக் காலத்தில் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டதே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அவர்கள் வாழ்ந்த தோட்டங்களிலிருந்து எடுத்து மாடிக் குடியிருப்புகளில் வைப்பது என்பது திட்டம். போனவர்களில் பலர் சொந்தக் கல்வீட்டில் இருந்தவர்கள்.

இதுவரை சொன்னதை நம்மவர்கள் தலையாட்டிக்கொண்டு வாசித்திருப்பார்கள். சீனாவையும் ராஜபக்ஷக்களையும் குறைசொல்வது நமக்குக் கஷ்டமான காரியம் அல்ல. வெள்ளவத்தைக்கு வருவோம்.

வெள்ளவத்தையை மாற்றியது சீனக் காசு அல்ல. லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்த நமது பிள்ளைகளின் காசு. அதில் பிழை காண நமக்கு மனம் இல்லை. ஏனென்றால் இங்கே தொடர்மாடி எழுந்தது முதலில் ஆடம்பரத்துக்காக அல்ல. 1983 ஜூலையில் காலி வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. தனி வீட்டில் தனியே இருப்பதைவிடப் பத்துக் குடும்பங்களாக ஒரே படலைக்குள் இருப்பது மேல் என்ற எண்ணம் அந்த நெருப்பில்தான் பிறந்தது. பிறகு வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் லொட்ஜ்களில் தங்கினார்கள். 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. கொழும்பில் இருக்க உறுதியுள்ள ஒரு வீடு வேண்டும் என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் ஆசை அல்ல, அடையாள அட்டைக்கு அடுத்த பாதுகாப்பு.

ஆனால் 2009 இல் போர் முடிந்த பிறகு வந்த காசின் குணம் வேறு. குடியிருக்க வீடு தேடிய காசு அது இல்லை, வைத்திருக்க இடம் தேடிய காசு. சட்டமும் அதற்கு ஒரு வழி காட்டியது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்தது. முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் தொடர்மாடியில் நான்காம் மாடியிலிருந்து மேலே வாங்கலாம் என்று அதே சட்டம் விலக்கும் கொடுத்தது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்குத் தடையே இல்லை. கீழே விற்கத் தடை, மேலே விற்க அனுமதி என்றால் கட்டுபவர் எந்தப் பக்கம் போவார்? 2018 இல் அந்த மாடிக் கட்டுப்பாடும் தளர்த்தப்பட்டது.

பின்னேரம் ஏழு மணிக்கு மரைன் டிரைவில் நின்று கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பாருங்கள். கடலைப் பார்த்த பல்கனிகளில் எத்தனையில் வெளிச்சம் இருக்கிறது? ஓகஸ்ட் விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வரும்போது திறக்கும் வீடுகள் அவை. மற்ற நாட்களில் உப்புக்காற்றில் ஏ.சி. பெட்டிகள் துருப்பிடித்துச் சுவரில் மண்ணிறக் கோடு இறக்குகின்றன. கீழே அறிவிப்புப் பலகையில் பராமரிப்புப் பணம் கட்டாத வீடுகளின் இலக்கங்கள் ஒட்டியிருக்கும். கட்டாதவர் வெளிநாட்டில், அற்றோணித் தத்துவம் வைத்திருப்பவர் தொலைபேசி எடுப்பதில்லை, லிப்ட் திருத்தக் காசு இல்லை. மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை படியால் ஏறுகிறார். அந்தப் பக்கத்து ஒழுங்கையில் வாடகைக்கு வீடு தேடும் இளம் குடும்பமோ விலையைக் கேட்டுவிட்டுத் தெஹிவளைக்கும் கல்கிசைக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

ஒழுங்கை அகலவில்லை. ஒரு காரும் ஒரு முச்சக்கர வண்டியும் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒழுங்கைகள்தான் இன்றும். வீதியின் அகலத்தையும் காணியின் பரப்பையும் பார்த்தே உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் சொந்த ஒழுங்குவிதி. வாகனத் தரிப்பிடம் போதாவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போகவும் அதே ஒழுங்குமுறை இடம்விட்டிருக்கிறது. கட்டணம் அதிகார சபைக்குப் போகிறது, கார் ஒழுங்கையில் நிற்கிறது. பாடசாலை விடும் நேரத்தில் ஓர் அம்புலன்ஸ் உள்ளே வர வேண்டுமானால் என்ன நடக்கும் என்று அனுமதியில் கையொப்பமிட்டவர் ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாதது இதைவிட மோசம். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதியின் அடிப்படை பிரித்தானியர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. நகரின் கழிவு இரண்டு இடங்களில் நீண்ட குழாய்களால் கடலுக்குள் விடப்படுகிறது: தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரம். பல தசாப்தங்கள் அது சுத்திகரிக்கப்படாமலே போனது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் பழுதுபார்ப்புகள் நடந்து வருகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் இருந்த காணியில் நாற்பது குடும்பங்களுக்கு அனுமதி கொடுத்தபோது, இந்தக் குழாய் இதைத் தாங்குமா என்ற கணக்கு எங்கே பார்க்கப்பட்டது? பார்த்திருந்தால் அதை வெளியிடுவதில் என்ன தயக்கம்? கடல் தெரியும் வீடு என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்தக் கடலுக்குள் என்ன போகிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

கொட்டாஞ்சேனையில் கடல் தெரிவதில்லை, துறைமுகத்தின் மதில் தெரிகிறது. அதனால் விலை சற்றுக் குறைவு, கதை அதேதான். ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் பழைய முற்றத்து வீடுகள் இடிந்து மாடிகள் எழுகின்றன. நகரத்தின் குப்பையைப் புளூமெண்டலில் மலையாகக் குவித்து வைத்திருந்ததும் இந்தப் பகுதி மக்களின் தலையில்தான். பிறகு அது மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, அந்த மலை சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோனது. உயரக் கட்டுபவர்களின் குப்பை எப்போதும் தாழ்ந்த இடத்தில் இருப்பவனின் வாசலுக்கே வருகிறது.

அதே ஆண்டு மே 18 அன்று வெள்ளவத்தை சார்லமன்ட் வீதியில், சவோய் திரையரங்கின் அருகே, பல மாடிக் கட்டடம் ஒன்று பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. உயிரிழப்பும் ஏற்பட்டது, பலர் காயமடைந்தார்கள். அப்போது அனுமதியற்ற கட்டடங்கள் பற்றிப் பெரிதாகப் பேசினார்கள். எத்தனை கட்டடங்கள் பரிசோதிக்கப்பட்டன, எவை நிறுத்தப்பட்டன என்பதை அந்த ஒழுங்கைகளில் இருப்பவர்கள் வாசித்து அறியும்படி ஒரு பட்டியலை நாம் கண்டதில்லை.

கம்போடியாவில் சிஹானுக்வில் என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அமைதியான உல்லாசத் தலமாக இருந்த அந்த ஊருக்குள் சில ஆண்டுகளில் சீன முதலீடும் கசினோக்களும் வெள்ளமாகப் புகுந்தன. வாடகை ஏறி உள்ளூர்க்காரர் வெளியேறினார்கள். 2019 ஜூன் 22 அன்று கட்டிக்கொண்டிருந்த ஏழு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து, அதற்குள் படுத்துறங்கிய தொழிலாளர் 28 பேர் மாண்டார்கள். இரண்டு மாதத்தில் இணையச் சூதாட்டத்தை அரசு தடைசெய்ய, காசு வந்த வேகத்தில் திரும்பிப் போனது. பாதியில் நின்ற கட்டடங்கள் மட்டும் மிஞ்சின. கொழும்பு அந்த ஊர் அல்ல, இங்கே சட்டங்கள் பழையவை, நீதிமன்றங்கள் விழிப்பானவை. என்றாலும் 2022 இல் சீமெந்து விலை ஏறி ரூபாய் விழுந்தபோது நின்றுபோன கட்டடங்களின் துருப்பிடித்த கம்பிகளை நாமும் பார்த்தோம்.

வேலைவாய்ப்பு வரவில்லையா என்று கேட்பார்கள். வந்தது. மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த மேசன்மாருக்கும் கையாட்களுக்கும் இந்த மாடிகள் சோறு போட்டன. காலி வீதிக் கடைகள் பிழைத்ததும் வெளிநாட்டிலிருந்து வந்து கைநிறையச் செலவழிப்பவர்களால்தான். அதனால்தான் கட்டவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விதி ஆளுக்கொன்றாக இருக்கக்கூடாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தென்மேற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் எல்லைக்குள் வீடு கட்டக்கூடாது என்று மீனவனுக்குச் சொன்னார்கள், ஹோட்டல்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2020 இல் கல்கிசைக்கும் களுத்துறைக்கும் 89 கோடி ரூபா செலவில் மணல் கொட்டிக் கரையை அகலமாக்கினார்கள், கொட்டிய மணலைக் கடல் கொண்டுபோகிறதே என்று நாடே கேட்டது. கரையோரத்தின் விதி யாருக்காக இளகுகிறது, யாருக்காக இறுகுகிறது என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பின்னர், 2025 மே 6 தேர்தல்வரை, இரண்டு வருடத்துக்கு மேலாகக் கொழும்புக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. அந்தக் காலத்திலும் அனுமதிகள் நிற்கவில்லை. இப்போது சபை இருக்கிறது. கொழும்பு மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் முதலில் செய்ய வேண்டியது, வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரம் வரை கொடுத்த அனுமதிகளை வட்டாரம் வட்டாரமாக, மூன்று மொழியிலும், எவரும் பார்க்கக்கூடியதாக வெளியிடுவது. அத்திவாரம் தோண்டுவதற்கு முன்னரே அந்த ஒழுங்கையில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்பது. தரிப்பிடக் கட்டணமாக வாங்கிய காசு எந்த ஒழுங்கைக்குச் செலவானது என்று காட்டுவது. வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கூடுதல் வரி விதித்து, அந்த வரியைக் கழிவுநீர்க் குழாய்க்கே ஒதுக்குவது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கோரிக்கை கசக்கும். கசந்தாலும் நியாயம் அதுதான்.

அவர்களுக்கு இன்னுமொரு வார்த்தை. முற்பணம் அனுப்புமுன் மூன்று பத்திரங்களைக் கேளுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், குடியிருக்கத் தகுந்தது என்று கட்டி முடிந்ததும் வழங்கும் சான்றிதழ், கூட்டு ஆதன வரைபடம். கட்டடம் இன்னும் கட்டி முடியவில்லை என்றால் முதலாவதையாவது இப்போதே வாங்கி, எத்தனை மாடிக்கு அனுமதி, எத்தனை மாடி கட்டுகிறார்கள் என்று ஒருவரை விட்டு எண்ணிப் பாருங்கள். உறுதி கைக்கு வராமலே வருடக்கணக்காகக் குடியிருப்பவர்கள் இதே ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். பத்திரத்தைக் காட்டாதவர் சொந்தக்காரராக இருந்தாலும் அவருக்குக் காசு அனுப்பாதீர்கள்.