கிணறும் குளமும் ஒரே தண்ணீர்

2009 ஆவணியில் பெய்த மழையில் மெனிக் பாம் முகாமின் மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்ததை அங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நடக்க முடிந்தது. வெள்ளாங்குளம் போன்ற கரையோர ஊர்களுக்குத் திரும்பிய பின், அதே காரியம் நிலத்துக்கடியில் ஓசையின்றி நடக்க நாமே இடம் கொடுத்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை.

குளத்துத் தண்ணீர் வேறு, கிணற்றுத் தண்ணீர் வேறு என்றே பேசிப் பழகிவிட்டோம். குளம் கமக்காரர் அமைப்புக்கு, கிணறு வளவுக்காரருக்கு, ஆறு ஒருவருக்கும் இல்லை. நிலத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. குளம் நிரம்பினால் கட்டின் கீழுள்ள கிணறுகளில் நீர் ஏறுவதை நீங்கள் அறிவீர்கள். பாலியாறு போன்ற நமது ஆறுகளும் அப்படியே. மாரி வெள்ளத்தில் ஆறு நிலத்துக்கு நீர் கொடுக்கிறது. மழை ஓய்ந்த பின் நிலம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. வற்றிய ஆற்று மணலைத் தோண்டினால் ஊற்று வருவது இதனால்தான். கோடையில் மடுக்களில் எஞ்சும் மீன்களும், அங்கே நீர் தேடி வரும் மாடுகளும் பெரும்பாலும் அந்தக் கசிவை நம்பியே பிழைக்கின்றன.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் அழுக்கும் கைமாறுகிறது. வயலில் வீசிய யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாகி மழையோடு கீழே இறங்குகிறது. மலக்குழியிலிருந்து இறங்குவதும் அதுவே. கிணற்றில் அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கே முதல் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். குளத்துக்கும் மடுவுக்கும் அது கசிந்தால் பாசி பெருகும், பாசி அழுகும்போது நீரில் ஒட்சிசன் தீரும், மீன் செத்து மிதக்கும். ஆற்றுப்படுகையின் மணலிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் இந்த நைத்திரேற்றில் ஒரு பகுதியை வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. உழவு இயந்திரப் பெட்டியில் மணலை ஏற்றி விற்கும்போது அந்த வடிகட்டியையும் சேர்த்தே விற்கிறோம்.

உரமே போடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து கமக்காரரை வதைத்த கதை போதும். அளவையும் இடத்தையும் பற்றியே பேசுகிறேன்.

சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கைகாட்ட ஒரு கம்பனி இருந்தது. நம் வளவுகளில் யாரைக் கைகாட்டுவது?

மனிதாபிமானப் பணிகளில் பின்பற்றப்படும் ‘ஸ்பியர்’ நியமங்களின்படி மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீற்றர் வேண்டும். குழியின் அடி நிலநீர் மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும். கால் ஏக்கர் சதுர வளவின் ஒரு பக்கமோ ஏறக்குறைய 32 மீற்றர்தான். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தால் உங்களுக்குச் சரி. ஆனால் எதிர்மூலை வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக் கிணறு இருக்கிறதே! வீட்டுத்திட்டக் கூட்டமொன்றில் இதைக் கேட்டேன். “எங்கட படிவத்தில அயல் காணிக்கு இடமில்லை, சுவாமி” என்றார் அலுவலர். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

ஆகவே வளவுக்கொரு கிணறு என்பதை விட்டு, நாலைந்து குடும்பங்களுக்கு ஒரு கிணறு என்று மேட்டுப் பக்கத்தில் வெட்டுவதே சரி என்பது என் எண்ணம். குழிகள் சரிவின் கீழ்ப்பக்கம் அமையட்டும், ஆனால் குளத்தையும் ஆற்றையும் விட்டுத் தள்ளி. முகாமில் வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்குச் சொந்தக் கிணறு எவ்வளவு பெரிய விடயம் என்பதை அறிந்துதான் சொல்கிறேன். உப்பும் இன்னொரு காரணம். கடலோரத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் உண்டு என்பது நிலநீர் அறிஞர்களின் பழைய கணக்கு. வளவுக்கொரு பம் போட்டு அந்த ஓரடியை இறைத்துவிட்டால் உப்பு மெல்ல மெல்ல மேலேறும்.

வரண்ட வலயத்தின் பழைய குளக் கிராமங்களில் குளத்தின் மேற்பக்கம் வண்டலைப் பிடிக்கப் புற்றரையும் மரவரிசையும் விட்டிருந்தார்கள். கட்டின் கீழே, கசியும் உப்பு வயலுக்குப் போகாமல் தடுக்க ஒரு மரச்சோலையும் இருந்தது. அந்தத் தொடர்குள முறையை 2017 இல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. காடு துப்புரவாக்கும் அவசரத்தில் நாம் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட மரங்களைத்தான்.

வரும் காலபோகக் கூட்டத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழையுங்கள். குளத்தைச் சுற்றியுள்ள கிணறுகளையும் குழிகளையும் ஒரு தாளில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் திகதியும் தீர்மானித்த கையோடு, கூட்டம் கலைய முன்னர், அந்தத் தாளை மேசையில் விரித்து வையுங்கள்.