907 வாக்குகள் தந்த அதிகாரம்

அமெரிக்காவின் 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர் ஒரு கட்சி, அரசுக்காக நீதிமன்றத்தில் நிற்பவர் இன்னொரு கட்சி என்பது அங்கே சாதாரணம். இந்த ஏற்பாட்டின் வலுவும் சிக்கலும் வர்ஜீனியாவின் 2013 தேர்தலில் துலக்கமாகத் தெரிந்தன.

22 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் மார்க் ஹெரிங் 165 வாக்குகளில் வென்றதாக முதலில் சான்றளிக்கப்பட்டது. குடியரசுக் கட்சியின் மார்க் ஓபன்ஷைன் மறு எண்ணிக்கை கோரினார். மூன்று நீதிபதிகளின் மேற்பார்வையில் சீட்டுகள் மீண்டும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் போயின. இயந்திரத்துக்குப் பிடிபடாதவற்றைத் தனியே எடுத்துக் கையால் எண்ணினார்கள். டிசம்பர் 18 அன்று ஓபன்ஷைன் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதி வித்தியாசம் 907.

பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2014 ஜனவரி 23 அன்று, ஒருபால் திருமணத்தைத் தடைசெய்யும் மாநில அரசியல் சாசனப் பிரிவை அரசு இனி ஆதரித்து வாதாடாது என்று ஹெரிங் அறிவித்தார். 2006இல் மாநில மக்கள் சுமார் 57 சதவீத ஆதரவுடன் நிறைவேற்றிய பிரிவு அது. அப்போது மாநில செனட்டராக இருந்த ஹெரிங்கும் அதை ஆதரித்தவர்தான். தடையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், பிப்ரவரி 4 அன்று நார்ஃபோக் நீதிமன்றத்தில் மாநில அரசின் சொலிசிட்டர் ஜெனரல் எழுந்து, மனுதாரர்களோடு சேர்ந்து தடைக்கு எதிராக வாதாடினார்.

சட்டத்தின்படி ஹெரிங்கின் முடிவு சரி என்பதே எங்கள் கருத்து. மாநிலத்தின் சாசனம் கூட்டாட்சிச் சாசனத்துக்கு முரணானது என்று உறுதியாக நம்பும் வழக்கறிஞரை, நம்பாத வாதத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆனால், அந்த முடிவு நியாயமாக நின்றதற்குக் காரணம் 907 வாக்குகள் அல்ல. தடையை நீதிமன்றம் ரத்துசெய்யும்வரை அரசு அதைத் தொடர்ந்து அமல்படுத்தியது. வழக்கும் உயிரோடு இருந்தது. நார்ஃபோக், பிரின்ஸ் வில்லியம் பகுதிகளின் நீதிமன்ற எழுத்தர்கள் தங்கள் வழக்கறிஞர்கள் மூலம் தடையைக் கடைசிவரை ஆதரித்து வாதாடினார்கள். இரு தரப்பையும் கேட்ட பிறகே நீதிபதி அரெண்டா ரைட் ஆலன் தடையை ரத்துசெய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த எழுத்தர்கள் இல்லாதிருந்தால்? எதிர்வாதமே இல்லாத ஒரு தீர்ப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தோற்றவர்கள் அதை ஏற்கமாட்டார்கள்.

நம்மிடம் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். இந்திய அரசியல் சாசனத்தின் பிரிவு 165இன்படி ஆளுநர் விரும்பும்வரைதான் பதவி. தேர்தல் தரும் சுதந்திரம் இங்கே இல்லை. ஆனாலும், சட்டத்தைக் கைவிடும் கேள்வி நமக்கும் வந்தது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வழக்கில், 2018 ஜூலையில் மத்திய அரசு, வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குறித்த முடிவை நீதிமன்றத்தின் பொறுப்பில் விட்டுவிட்டது. பிரிவைக் காக்க வாதாடியவர்கள் தாமாக இடையீடு செய்த தனியார் அமைப்பினர்.

இதைத் தற்செயலுக்கு விடலாகாது. ஒரு சட்டத்தை ஆதரித்து வாதாட மறுக்கும்போது அமெரிக்க ஒன்றிய அட்டர்னி ஜெனரல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. மாநிலங்களுக்கும் அத்தகைய விதி வேண்டும்: காரணத்தை எழுத்தில் சட்டமன்றத்துக்குத் தெரிவிப்பது, எதிர்வாதத்துக்கு வெளி வழக்கறிஞரை அரசுச் செலவில் அமர்த்துவது. நம் சட்டமன்றங்களும் இவ்விரண்டையும் எழுதி வைக்கலாம்.