உப்பே உரைகல்!

ஐப்பசி பிறந்துவிட்டால் தூத்துக்குடிப் பலசரக்குக் கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்.

“என்ன அண்ணாச்சி, உப்பு இப்படிக் கசிஞ்சு கிடக்கு?”

“ஈரக்காத்து அடிக்குதுல்லா, நான் என்ன செய்ய?”

அண்ணாச்சி சொல்வது பொய்யல்ல. உப்புக்கும் காற்றின் ஈரத்துக்கும் பழைய உடன்படிக்கை ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் இப்போது இருப்பது எத்தனை பங்கு என்பதே ஈரப்பதம். அது 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை சுத்தமான உப்பு உலர்ந்தே இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும்.

கடைக்காரருக்கு இது சில்லறை நஷ்டம். உப்பளத்துக்கோ இதுவே ஜீவாதாரம். பாத்தியில் முற்றி நிற்கும் உப்பு நீருக்கும் அதே கோடுதான். வெயில் தாழ்ந்து, நீரும் காற்றும் ஒரே உஷ்ணத்துக்கு வந்த பிறகு ஈரப்பதம் 75ஐத் தாண்டினால், அந்த நீர் வற்றுவதற்குப் பதிலாகக் காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும். ஆனியிலும் ஆடியிலும் மலையாளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வறண்டு வீசும் மேல்காற்றுதான் தூத்துக்குடிக்கு உப்பு விளைவித்துக் கொடுக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத நீர்

2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குள் வந்த வெள்ளமே சொல்லிற்று. ஆனால், காற்றோடு கலந்து நிற்கும் நீரைக் கண் காணாது. கருவாடு பூசணம் பிடித்த பிறகும், மொறுமொறுப்பான மக்ரூன் தளர்ந்து போன பிறகும், கப்பலேறிய கண்டெய்னருக்குள் கூரை வியர்த்துச் சரக்கின்மேல் சொட்டிய பிறகும்தான் அது வந்து போனது தெரிகிறது.

இதை அளப்பதற்கு 1783ஆம் ஆண்டிலேயே ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி சொசூர் ஒரு வழி கண்டு எழுதினார். மனிதத் தலைமயிர் ஈரத்தில் நீளும், உலர்ந்தால் குறுகும் என்ற ஒரே உண்மையை வைத்து அவர் கருவி செய்தார். இன்று மயிரின் இடத்தை மெல்லிய பாலிமர் படலம் பிடித்திருக்கிறது. அந்தப் படலம் ஈரத்தை உறிஞ்சும்போது அதன் மின்தேக்கும் தன்மை மாறுகிறது. மாறுதலை ஒரு சிறு சில்லு எண்ணாக்கித் தருகிறது.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகப் பிறந்த ஆர்டுயினோ பலகையும், டிஎச்டி22 என்ற வெள்ளை நிற உணர்கருவியும், ஒரு சிறு காட்சித் திரையும், நாலு கம்பிகளும் இருந்தால் போதும். பள்ளிக்கூடப் பையன்கூட ஒரு மாலைப் பொழுதில் ஈரமானி செய்துவிடலாம். செலவு சில நூறு ரூபாய்க்கு மேல் அதிகம் போகாது. அறிவியல் கண்காட்சிகளில் இப்படிப்பட்ட கருவிகளைப் பார்த்துப் பெற்றோர் பூரிக்கிறார்கள். பூரிக்க வேண்டியதுதான். ஆனால் யாராவது ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “தம்பி, இது காட்டுவது சரியா?”

எண் பேசினால் நம்புவதா?

எண் என்றால் மனிதனுக்கு ஒரு மயக்கம். திரையில் 68.4 என்று புள்ளி வைத்துக் காட்டிவிட்டால், அது தெய்வ வாக்குப்போல் ஆகிவிடுகிறது. விலை மலிந்த டிஎச்டி11 உணர்கருவியோ ஐந்து சதவீதம் முன்பின் தவறலாம். டிஎச்டி22 இரண்டு முதல் ஐந்து சதவீதம். பலகையின் சூடு உணர்கருவியில் பட்டாலோ இன்னும் மோசம். உஷ்ணம் ஒரு டிகிரி கூடினால், 75 என்று காட்ட வேண்டியது ஏறக்குறைய 71 என்று காட்டும். கடற்கரைக் காற்றில் வரும் உப்புத்தூள் உணர்கருவிமேல் படிந்தால், அது தனியாக ஈரத்தை இழுத்துப் பொய் சொல்லும்.

தூத்துக்குடிக்காரர்கள் இதற்கு மருந்து தேடி வெளியூர் போக வேண்டாம். அது அடுப்படி உப்பு ஜாடியிலேயே இருக்கிறது. உப்பை நீரோடு குழைத்து மூடிய பாத்திரத்தில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்று ஒரே ஈரப்பதத்தில் வந்து நிற்கும். 1977இல் அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தின் கிரீன்ஸ்பான் வெளியிட்ட அட்டவணையின்படி அது 25 டிகிரியில் 75.3 சதவீதம், 30 டிகிரியில் 75.1. கோடையானாலும் மார்கழியானாலும் அநேகமாக மாறாத சத்தியம் அது!

செய்முறை சுலபம். ஒரு பாட்டில் மூடியில் உப்பு போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும்வரை மட்டும் சொட்டுச் சொட்டாக நீர் விட வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் உணர்கருவியையும், ஒன்றோடொன்று படாமல், காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து, வெயில் படாத அறையில் ஓர் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் 75 காட்டினால் கருவி யோக்கியமானது. 70 காட்டினால், அந்த வட்டாரத்து அளவுகளில் ஐந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பாத்தியிலிருந்து நேரே அள்ளிய உப்பு இதற்கு உதவாது. அதில் ஒட்டியிருக்கும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு உண்டு. அது 33 சதவீத ஈரத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கும் பொருள். ஆகவே சுத்திகரித்த உப்பையே எடுக்க வேண்டும். கடை உப்பு சில சமயம் முன்கூட்டியே கசிவதற்கும் இந்தக் கசப்பே காரணம்.

யாருக்காக இந்த அளவு?

“கைபேசியில்தான் ஈரப்பதம் வருகிறதே, இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசி காட்டுவது தொலைவிலுள்ள நிலையத்தின் அளவு, அல்லது கணிப்பொறியின் மதிப்பீடு. கொதிக்கும் பாத்தி வரப்பில் நிற்கிற பெண்ணைச் சுற்றியுள்ள காற்று அதற்குத் தெரியாது.

பாத்தி நீர் வற்றுவதும் உடம்பு வியர்வை உலர்வதும் ஒரே காரியந்தான். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணைப்படி, நிழலில் 32 டிகிரி உஷ்ணமும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உடம்புக்கு 33 டிகிரிபோல் இருக்கும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 75 ஆனால், 43 டிகிரிபோல் தகிக்கும். நேரடி வெயிலில் நின்றால் இன்னும் அதிகம். உஷ்ணமானி இரண்டு நாளும் ஒரே எண்ணைத்தான் காட்டும். உப்பு வாருகிறவரின் நெஞ்சுக்குத்தான் வித்தியாசம் தெரியும். “இன்று வெயில் அவ்வளவு இல்லையே, ஏன் உட்காருகிறாய்?” என்று கேட்கும் மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல, அந்தத் தொழிலாளியிடம் இன்று ஓர் எண் இல்லை.

அந்த எண்ணைக் கொடுக்க முடியும். தூத்துக்குடி வட்டாரத்தில் உப்பளத்தை அடுத்துள்ள ஒவ்வொரு பள்ளிக்கூடமும், மாணவர்கள் கையால் செய்து உப்பால் சோதித்த ஈரமானி ஒன்றை, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளக் கொட்டகையில் மாட்டலாம். மாதம் ஒரு முறை அதை இறக்கி மறுபடி சோதிக்கலாம். உஷ்ணமும் ஈரமும் இன்ன அளவுக்கு மேல் போனால் வேலை நிறுத்தி நிழலில் இளைப்பாறுவது என்று உப்பள உரிமையாளர்களும் தொழிலாளர் சங்கங்களும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். தார்ப்பாய் போட்டு உப்பு அம்பாரத்தைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த உப்பை வாரிய மனிதரைக் காப்பது பெரிய காரியமல்ல.

கண்காட்சி முடிந்ததும் கருவியைப் பரணில் போட்டுவிடுவது விஞ்ஞானமல்ல. சோதிக்காத எண்ணைச் சுவரில் மாட்டுவதும் விஞ்ஞானமல்ல. ஒரு சிட்டிகை உப்பு சாட்சி சொன்ன கருவி, அந்த உப்பை விளைவித்தவரின் தலைக்கு மேலேயே தொங்கட்டும். அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது.